நீர் சேர்க்கச் சேர்க்கச் சிவந்த கோடு

1998 ஜூலை, திங்கள். சரவணன், வயது இருபத்து நான்கு, கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுமைத் தொழிலாளி. மூச்சுத்திணறல், முகமும் கழுத்தும் வீங்கிய நிலை. எங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

செவ்வாய். ஸ்கேனில் நெஞ்செலும்புக்குப் பின்னால் பெரிய கட்டி.

புதன். கட்டியிலிருந்து திசு எடுக்க அறுவை மருத்துவர் நேரம் கேட்டார். மயக்க மருந்து கொடுக்க மயக்கவியல் மருத்துவர் மறுத்தார். புற்றின் வகையை இரத்தத்திலிருந்து அறிய முடியுமா என்று கேட்டு மாதிரி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது.

வியாழன் காலை. முடிவு: ஏ.எஃப்.பி. இயல்பான அளவு. எச்.சி.ஜி. இயல்பைவிடச் சற்று அதிகம்.

வியாழன் முற்பகல். அறிக்கையில் கையெழுத்து இடப்படவில்லை.

இளைய நண்பர்களே, ஆவணங்களில் உள்ளது இவ்வளவுதான். இவற்றுக்கு இடையில் நடந்ததை எழுதும்படி நீங்கள் கேட்டீர்கள். ஆய்வகத்தில் கையெழுத்திடும் பொறுப்பில் இருந்தவன் நான். மறுத்த மயக்கவியல் மருத்துவர் என் மனைவி. அவர் சென்ற ஆண்டு காலமானார். அதைப் பற்றிப் பின்னால் சிறிது வரும். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அவர் ஏன் மறுத்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சரவணனால் படுக்க முடியவில்லை. கட்டிலில் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்தபடியே உறங்குவான். படுத்தால் கட்டியின் எடை முழுவதும் மூச்சுக்குழாயின்மேல் இறங்கும். விழித்திருக்கும் உடல் தன் தசைகளால் அந்த வழியை எப்படியோ திறந்து வைத்திருந்தது. மயக்க மருந்து அந்தத் தசைகளைத் தளர்த்திவிடும். அதன்பின் செயற்கைச் சுவாசத்துக்கான குழாய் உள்ளே போகாது, காற்றும் போகாது.

"தூங்க வைக்க என்னால முடியும் டாக்டர். எழுப்ப முடியும்னு சொல்ல முடியாது" என்றார் அறுவை மருத்துவரிடம். மருத்துவமனைக்குள் நாங்கள் எல்லோருக்கும் எல்லோரும் டாக்டர்தான். என்னையும் அப்படித்தான் அழைப்பார்.

அறுவை மருத்துவர் மலையாளி, மதுரையில் படித்தவர். எங்கள் இருவரிடமும் தமிழிலேயே பேசுவார். கைதேர்ந்தவர், பொறுமை குறைந்தவர். அவருடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. இருபது வயதுகளில் இருக்கும் ஆணின் நெஞ்சில் இப்படியொரு கட்டி என்றால் முக்கியமாக இரண்டு ஐயங்கள் எழும். ஒன்று, லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்று. மற்றொன்று, கருவில் இனப்பெருக்க உறுப்புக்குப் போய்ச் சேர வேண்டிய செல்கள் வழியில் நெஞ்சிலேயே தங்கிப் பின்னாளில் புற்றாவது. இரண்டுக்கும் மருந்து வேறு. வகை தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் கல்லெறிவதாகும்.

இரண்டாவது வகையாக இருந்தால் இரத்தமே சொல்லிவிடக்கூடும். அந்தச் செல்கள் ஏ.எஃப்.பி. என்னும் புரதத்தையோ, கர்ப்பிணிகளின் உடலில் மட்டுமே மிகுந்திருக்க வேண்டிய எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனையோ பெருமளவில் சுரக்கும். அளவு மிக அதிகமாக இருந்தால் கத்தியும் ஊசியும் இல்லாமலே வகையை உறுதி செய்து சிகிச்சையைத் தொடங்கலாம். எங்களுக்கு வந்த அளவோ அப்படி இல்லை. சற்று அதிகம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

வியாழன் காலை அறுவை மருத்துவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"ரத்தம் ஒண்ணும் சொல்லல, அப்படித்தானே சார்? கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. மயக்கம் வேண்டாம், நான் லோக்கல்லயே எடுத்துக்கறேன். உட்கார வெச்சு, மரத்துப்போக ஊசி போட்டு, நெஞ்சு வழியா நீள ஊசியால ஒரு துண்டு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"முடிவை மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது."

"ஏன்? மெஷின் ரிப்பேரா?"

"இல்லை."

"கன்ட்ரோல் சரியா வந்துச்சா?"

"வந்தது. அளவு தெரிந்த மாதிரி சரியாகவே காட்டியது."

அவர் கதவருகே நின்று திரும்பினார். "வீட்டுல அவங்க பேச்சைக் கேளுங்க சார். இங்க மெஷின் பேச்சைக் கேளுங்க."

அவர் சொன்னது கேலியாக இருக்கலாம். ஆனால் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அந்த முடிவை நான் நம்ப மறுத்தது எதனால்? ரத்தம் எதுவும் சொல்லவில்லை என்று நான் கையெழுத்திட்டால், என் மனைவியின் மறுப்பு வெறும் தடங்கலாகிவிடும். ரத்தம் சொல்லிவிட்டால் அவர் செய்தது சரியென்று ஆகிவிடும். எனக்கு எந்த விடை வேண்டும் என்பது எனக்கே தெரிந்திருந்தது. விடை வேண்டியவன் அளவுகோலைத் தொடக் கூடாது.

அறுவை அரங்கை ஒட்டிய சிறு அறைக்குப் போனேன். அவர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சந்தேகத்துக்குக் காரணம் இருக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"அப்ப அது சந்தேகம் இல்ல, ஆசை. எனக்காகப் பார்க்காதீங்க. நான் தப்புன்னா தப்புன்னே கையெழுத்துப் போடுங்க. நாளைக்கும் இதே மேசையில உட்கார்ந்துதான் சாயா குடிக்கப் போறோம்." பிறகு கோப்பையைக் கீழே வைத்தார். "இங்க நின்னு யோசிக்காதீங்க. போய் அந்தப் பையனைப் பாருங்க. நீங்க எல்லாரும் அவனோட சாம்பிள் டியூபைத்தான் பார்த்திருக்கீங்க, அவனைப் பார்க்கல."

ஆய்வகத்துக்காரர்கள் வார்டுக்குப் போகும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்று அறிகிறேன். நான் போனேன்.

சரவணன் மேசைமேல் தலை சாய்த்திருந்தான். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. அந்த ஜூலை ஈரத்திலும், முழுக்கை சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தான். பக்கத்தில் துணைக்கு இருந்தவர் அவனோடு சுமை தூக்கும் அந்தோணி. ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சாரே, இவன்டே ரிசல்ட் வந்நோ?"

"இன்னும் இல்லை. சரவணா, மூச்சு எப்படி இருக்கிறது?"

"படுத்து ஒறங்கணும் சார்" என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "வேற ஒண்ணும் வேண்டா. ஒரு மணிக்கூர் மல்லாந்து கெடக்கணும்."

"சட்டையைத் தளர்த்திக்கொள். மூச்சுக்கு எளிதாக இருக்கும்."

அவன் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டான். அந்தோணி சிரித்தார்.

"அது நடக்கில்லா சாரே. நாங்க எல்லாரும் தோர்த்து மட்டும் கட்டி மொளகுச் சாக்கு தூக்கும்போ, இவன் ஒருத்தன் கல்யாண மாப்பிள மாதிரி பட்டன் போட்டு நிப்பான். 'எந்தாடா, பெண்ணு காணான் வந்நதா?'ன்னு கேட்டுக் கேட்டு எங்களுக்கே மடுத்து."

"சேட்டா, மதி" என்று போதும் என்பதுபோல் கையைக் காட்டினான் சரவணன்.

"எப்போதிருந்து சட்டையைக் கழற்றுவதில்லை?" என்று கேட்டேன்.

அந்தோணியின் சிரிப்பு நின்றது. என் குரலில் ஏதோ மாறியிருக்க வேண்டும். "விஷுவுக்கு முன்னாடி இருந்தே சாரே. மூணு நாலு மாசமாயி."

"முகம் வீங்கத் தொடங்கியது?"

"அது இப்போ. மழ தொடங்கின பின்னே."

அந்தோணியை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தேன். திரை முழுவதும் மூடியிருக்கிறதா என்று சரவணன் பார்த்தான். பிறகு தானே பொத்தான்களைக் கழற்றினான். உள்ளே மார்பைச் சுற்றி ஒரு தோர்த்துத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். மூச்சுக்குத் திணறுகிறவன், மூச்சை மேலும் இறுக்கும் கட்டோடு மருத்துவமனையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். அதை அவிழ்த்தபோது காரணம் தெரிந்தது. இரு மார்புகளும் பெண்ணுக்குரியவைபோல் வளர்ந்திருந்தன.

"டாக்டர்மார் பார்த்தாங்க சார்" என்றான் தரையைப் பார்த்தபடி. "நீர்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் பறயல."

அவர்கள் பார்த்தது உண்மை. முகம், கழுத்து, தோள் எல்லாம் வீங்கிய உடலில் மார்பின் வீக்கமும் அதே கணக்கில் சேர்ந்துவிட்டது. கட்டி பெரிய இரத்தக் குழாயை அழுத்துவதால் வந்த நீர் என்று எழுதியிருந்தார்கள். எது முன்னால் வந்தது என்று எவரும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் ஓர் ஆணின் மார்பை வளர்க்க, கர்ப்பிணியின் ஹார்மோன் 'சற்று அதிகம்' இருந்தால் போதாது. உடல் ஓர் அளவைச் சொன்னது; என் இயந்திரம் வேறோர் அளவைச் சொன்னது. இப்போது என்னிடம் காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கும் என் வீட்டுக்கும் தொடர்பில்லை.

நீங்கள் புதிய கருவிகளில் வேலை செய்கிறவர்கள் என்பதால் இதை விளக்க வேண்டியிருக்கிறது. அந்நாளைய எங்கள் சோதனையில், ஹார்மோன் மூலக்கூறை இரு பக்கமும் இரு எதிர்ப்பொருள்கள் பிடிக்க வேண்டும். பஜார் ரோட்டில் ஒரு சாக்கை இருவர் இரு முனையில் பிடித்துத் தூக்குவதுபோல. இருவரும் பிடித்த சாக்கே கணக்கில் ஏறும். சாக்குகள் அளவுக்கு மீறிக் குவிந்துவிட்டால் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சாக்கைத் தனியாகக் கட்டிப்பிடித்து நிற்பார். எதுவும் லாரியில் ஏறாது. லாரியை மட்டும் பார்ப்பவர் சரக்கே குறைவு என்று எழுதிப் போவார். ஹார்மோன் மிதமிஞ்சி இருந்தால் சோதனை அதைக் குறைவாகக் காட்டும். சரக்கைக் குறைத்தால்தான், அதாவது மாதிரியில் நீர் சேர்த்தால்தான், உண்மை தெரியும்.

இன்னொன்றும் உடனே நினைவுக்கு வந்தது. எச்.சி.ஜி. அந்த அளவுக்குச் சுரக்கும் புற்று இரத்தக் குழாய்களால் நிறைந்தது. அதில் நீள ஊசியைச் செலுத்தினால் இரத்தப்போக்கை நிறுத்துவது கடினம்.

ஆய்வகத்துக்கு விரைந்தேன். தொழில்நுட்பர் ஷைலஜா சோதனைப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"ஒரு ஸ்ட்ரிப்தான் பாக்கி சார். ஸ்டாண்டர்டு போக ரெண்டே குழி மிஞ்சும். நாளை ஹர்த்தாலாணு. புது பாக்ஸ் திங்களாழ்ச்சதான்."

அளவு தெரிந்த மாதிரிகளுக்கு ஒதுக்கியது போக இரண்டு குழிகள், அதாவது இரண்டே சோதனைகள். நீரைக் குறைவாகச் சேர்த்தால் மறுபடியும் பொய்யான அளவே வரும். மிகுதியாகச் சேர்த்தால் அளவுகோலுக்குக் கீழே போய்விடும். எத்தனை மடங்கு என்று ஊகிக்க என்னிடம் எதுவும் இல்லை.

அப்போதுதான் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொங்கணி, என்னை வெகுகாலமாக அறிந்தவர்.

"கர்ப்பச் சோதனை அட்டை இருக்கிறதா? ஆறு வேண்டும்."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். "ஆறோ? சாரே, வீட்டில விசேஷமா?"

"ஆய்வகத்துக்கு."

"ஒண்ணு போதும் சாரே. அட்டை மாத்தினா ரிசல்ட் மாறாது."

மாறும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஆறையும் வாங்கி வந்தேன்.

அந்த அட்டையும் அதே ஹார்மோனை அதே முறையில்தான் பிடிக்கிறது. சரவணனின் சீரத்தை நீர் சேர்க்காமல் முதல் அட்டையில் விட்டோம். கோடு இருக்கிறதா இல்லையா என்று வாதிடும் அளவுக்கு மங்கலாக வந்தது. பத்து மடங்கு நீர்த்ததை இரண்டாவதில் விட்டோம். ஷைலஜா குனிந்து பார்த்தார். நூறு மடங்கு. ஆயிரம் மடங்கு.

"எந்தா சார் இது? வெள்ளம் சேர்க்கச் சேர்க்கச் சிவக்குது!"

ஐந்தாவதிலும் கோடு தெளிவாக இருந்தது. ஆறாவதில்தான் வெளிறியது. எவ்வளவு நீர்க்க வேண்டும் என்பது இப்போது தெரிந்தது. அந்த எல்லைக்கு உட்பட்ட, ஒன்றுக்கொன்று வேறான இரண்டு அளவுகளில் நீர்த்து இரு குழிகளிலும் இட்டோம். ஒரே அளவை இருமுறை இடுவது எங்கள் வழக்கம். அன்று அதை மீறினேன். இருவேறு நீர்ப்புகளும் பெருக்கிய பின் ஒரே தொகையைத் தந்தால் மட்டுமே அதை நம்ப முடியும்.

முடிவு வர இன்னும் நேரம் இருந்தது. அப்போது வார்டிலிருந்து தொலைபேசி. அறுவை மருத்துவர் ஊசித் தட்டை வரவழைத்துவிட்டார்.

மறுபடி வார்டுக்கு ஓடினேன். சரவணன் கட்டில் விளிம்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தான். மார்பைத் துடைத்து மஞ்சள் மருந்து பூசியிருந்தார்கள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

"ரிப்போர்ட் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் அறுவை மருத்துவர்.

"இல்லை. ஊசி வேண்டாம். இரத்தப்போக்குக் கட்டியாக இருக்கலாம்."

"இருக்கலாம்! அவன் உதட்டைப் பாருங்க சார். நீங்க 'இருக்கலாம்' சொல்லி முடிக்கறதுக்குள்ள இவன் இல்லாமப் போயிடுவான். அப்போ யாரைக் கேக்கறது?"

அதுதான் கேள்வி. என் கையில் எண் இல்லை. என் ஊகம் தவறானால், மூச்சுத்திணறும் ஒருவனின் சிகிச்சையை ஒரு பிற்பகல் முழுவதும் நிறுத்தியவன் நானாவேன். அந்த ஒரு பிற்பகல் அவனிடம் இல்லாமலும் போகலாம்.

"என்னை" என்றேன். நோயாளியின் குறிப்புத் தாளை வாங்கி எழுதினேன்: 'எச்.சி.ஜி. முதல் முடிவு நம்பத்தக்கதன்று. மார்பு வளர்ச்சி முகவீக்கத்துக்கு மாதங்கள் முந்தியது. ஊசியால் கடும் இரத்தப்போக்கு நேரலாம். இன்றைய தாமதத்துக்கு ஆய்வகமே பொறுப்பு.' பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவர் அதை நின்றபடியே படித்தார். சரவணன் அருகில் போய், மார்பை இம்முறை விரல்களால் அழுத்திப் பார்த்தார். நீர் என்றால் விரல் பதியும். பதியவில்லை. கையுறைகளைக் கழற்றினார். "அஞ்சு மணி" என்றார். "அதுக்கு மேல நான் நிக்க மாட்டேன்."

முடிவு அதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டு குழிகளும் ஏறத்தாழ ஒரே தொகையைச் சொன்னன. ஏழெட்டுப் பெண்களின் கர்ப்பத்தை ஒன்றாகச் சேர்த்தாலும் எட்டாத தொகை. எர்ணாகுளத்துப் புற்றுநோய் மருத்துவரிடம் தொலைபேசியில் எண்ணைப் படித்தேன்.

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன்.

"யாரும் குத்தலியே?"

"இல்லை."

"ஆளை உட்கார வெச்சே ஆம்புலன்ஸ்ல அனுப்புங்க. இப்பவே."

அன்று மாலையே சரவணன் பாலம் தாண்டி எர்ணாகுளம் போனான். அந்தோணி கூடப் போனார். முதல் சுற்று மருந்து முடிந்த சில நாளில் அந்தோணி ஆய்வகத்து ஜன்னலில் வந்து நின்று, "சாரே, இன்னலே அவன் கெடந்து ஒறங்கி. கூர்க்கம் வலிச்சு" என்றார். முந்தின நாள் அவன் படுத்து உறங்கிக் குறட்டை விட்டான் என்பதைச் சொல்லத்தான் எர்ணாகுளத்திலிருந்து வந்திருந்தார்.

அவ்வகைப் புற்றில் பலர் பிழைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இவன் பிழைத்தான். கட்டி சுருங்கியபின் எஞ்சியதை அகற்ற, அவன் எங்கள் மருத்துவமனையையே கேட்டு வந்தான். அதே அறுவை மருத்துவர் செய்தார். மயக்க மருந்து கொடுத்தவர் என் மனைவி. "இப்பப் படுடா" என்றாராம். "இந்தத் தடவை எழுப்புவேன்."

இக்கதையைக் கேட்டுவிட்டு, இரத்தம் எல்லாவற்றையும் சொல்லும், கேட்கத் தெரிந்தால் போதும் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அதற்காகவே இந்தப் பத்தி. 2007இல் என் மனைவியின் மாதிரி அதே ஆய்வகத்துக்கு வந்தது. வயிற்றில் கட்டி, வகை தெரியவில்லை. இரத்தத்தில் புற்றைக் காட்டும் குறியீடுகள் அனைத்தும் இயல்பு. நான் கையெழுத்திடவில்லை, இளையவர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். ஆனால் மாதிரியை நீர்த்துப் பார்க்கும்படி சொன்னேன். மறுநாளும் சொன்னேன். எப்படியோ அது என் மனைவியின் காதுக்குப் போய்விட்டது.

"அன்னைக்கு இருந்தது மறைஞ்ச நம்பர்" என்றார் அன்று மாலை. "இது இல்லாத நம்பர். எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் வராது. ஊசி எடுக்கச் சொல்லுங்க. எனக்குப் பயம் இல்ல, உங்களுக்குத்தான்."

ஊசிதான் வகையைச் சொன்னது. காலம் கடந்திருந்தது, ஆயினும் பெயர் தெரியாத ஒன்றோடு அவர் போராட வேண்டியிருக்கவில்லை.

செய்யாமல் விட்டவை:

குறியீட்டு அறிக்கைகள் ஒவ்வொன்றின் அடியிலும் 'நோயாளியின் நிலையோடு முடிவு பொருந்தாவிடில் நீர்த்துச் சோதிக்கக் கேட்கவும்' என்ற வரி அச்சிடப்பட வேண்டும். வாசகம் எழுதிக் கொடுத்தேன். இன்னும் அச்சாகவில்லை.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு நாளாவது வார்டுக்குச் செல்ல வேண்டும். ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தேன், செய்யவில்லை.

சரவணன் இரண்டு ஆண்டுகளாக மறுபரிசோதனைக்கு வரவில்லை. சுமை தூக்குவதை விட்டு ஆலுவாப் பக்கம் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

ஆழ்குளிர்ப் பெட்டியின் கீழ்த்தட்டில் என் மனைவியின் பெயரிட்ட சீரக் குழாய் ஒன்று இருக்கிறது. வருங்காலச் சோதனைகளுக்காக வைத்திருப்பதாக அதன்மேல் எழுதியிருக்கிறேன். அப்படி எந்தச் சோதனைக்கும் நான் விண்ணப்பிக்கவில்லை. அப்புறப்படுத்த என் கையெழுத்து ஒன்று போதும்.